வாடிக்கை என்னும் முதல்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இழப்பு விபரப் படிவங்களை நிரப்பிக் கொடுத்த நாட்களில், வீடு, கிணறு, மாடு, தென்னை, நீரிறைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக எழுதினோம். மூதூர் கிழக்கைச் சேர்ந்த தாய் ஒருவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், "சுவாமி, எனக்குத் தயிர் வாடிக்கை இருந்தது. அதை எங்கே எழுதுறது?" என்று கேட்டார். படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.

2006ஆம் ஆண்டு மாவிலாற்றில் தொடங்கிய போர் மூதூர், சம்பூர்ப் பகுதி மக்களை வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் துரத்தியது. பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் பல ஆண்டுகள் கழிந்தன. சம்பூர்க் காணிகள் 2015இலும் 2016இலும் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டன. அந்தத் தாயும் திரும்பினார். வாழ்வாதார உதவியாக மாடுகள் கிடைத்தன. பால் கறந்தார், தயிர் உறைய வைத்தார். ஆனால் பத்து ஆண்டுகளாக நகரத்துக் கடைகளும் வீடுகளும் வேறிடத்தில் தயிர் வாங்கிப் பழகிவிட்டன. மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவர் சொல்லும் விலைக்கே சட்டிகளைக் கொடுக்க வேண்டியதாயிற்று. மாடு திரும்பி வந்தது, வாடிக்கை திரும்பி வரவில்லை.

உதவி வழங்கும் நாங்களும் இதைப் பல காலம் கவனிக்கவில்லை. உற்பத்திக்கு உதவினால் போதும், விற்பனை தானாக நடக்கும் என்று எண்ணினோம். அந்த எண்ணம் தவறு. வாடிக்கை என்பது காணியைப் போல, கால்நடையைப் போல ஒரு முதல். அதை மீண்டும் தேடுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விற்பனையும் சந்தைப்படுத்தலும்

கையில் இருக்கும் பொருளைக் கொடுத்துக் காசு பெறுவது விற்பனை. சந்தைப்படுத்தல் அதற்கு வெகு முன்னரே தொடங்குகிறது. யாருக்கு, என்ன பொருள், எந்தத் தரத்தில், எந்த நாளில், எவ்வளவு தேவை என்று விதைக்கும் முன் கேட்டறிவது அதன் முதற்படி. வாங்கியவர் திருப்தி அடைந்தாரா என்று பின்னர் சென்று கேட்பது அதன் கடைசிப்படி.

நமது கிராமங்களில் ஒருவர் பயிற்றை நட்டு நல்ல விலை பெற்றால், அடுத்த போகத்தில் ஊரே பயிற்றை நடுகிறது. ஒரே கிழமையில் எல்லாரும் பறிக்க, விலை விழுகிறது. அதே வேளை திருகோணமலை நகரத்துக் கடைகளுக்குத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து லொறிகளில் மரக்கறி வருகிறது. நமது மரக்கறி அதைவிடப் பச்சையாகவும் இருக்கலாம். ஆயினும் கடைக்காரருக்கு நாள்தோறும் தவறாத வரத்து வேண்டும். ஒரு நாள் ஐம்பது கிலோ கொண்டுவந்து, பிறகு பத்து நாள் காணாமற்போகிறவரை நம்பி அவர் கடை நடத்த முடியாது.

கைரா மாவட்டத்துப் பாற்காரர்

நம்மைப் போன்ற சிறு விவசாயிகள் இந்தச் சிக்கலை அவிழ்த்த வரலாறு ஒன்று உண்டு. இந்தியாவின் குஜராத்தில் கைரா மாவட்டத்தில், ஆனந்த் என்னும் ஊரைச் சூழ்ந்த கிராமத்தவர் எருமை வளர்த்தனர். 1945இல் அம்மாவட்டத்துப் பாலைப் பம்பாய் நகருக்கு அனுப்பும் திட்டம் தொடங்கியபோது, அதைச் சேர்க்கும் வேலை பொல்சன் என்ற தனியார் கம்பனியிடம் போயிற்று. வாங்குபவர் ஒருவரே ஆனபடியால் விலையையும் அவரே தீர்மானித்தார்.

1946 ஜனவரியில் சமர்க்கா என்ற கிராமத்தில் விவசாயிகள் கூடினர். தங்கள் சொந்தச் சங்கத்தின் ஊடாக மட்டுமே பால் தருவோம் என்று முடிவெடுத்துப் பதினைந்து நாட்கள் பால் கொடுக்க மறுத்தனர். அரசு இணங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி அவர்களது கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. தொடக்கத்தில் சேர்ந்தவை இரண்டு கிராமச் சங்கங்களே. நாளொன்றுக்குச் சேர்ந்த பால் ஏறக்குறைய 250 லீற்றர். திரிபுவன்தாஸ் பட்டேல் கிராமம் கிராமமாகச் சென்று மக்களைச் சேர்த்தார். 1949இல் ஆனந்துக்கு வந்த கேரளத்தவரான வர்கீஸ் குரியன் நிருவாகத்தையும் தொழில்நுட்பத்தையும் வளர்த்தார். 1950களில் அப்பாலுக்கு "அமுல்" என்ற பெயர் கிடைத்தது. இன்று அதை அறியாத வீடு இந்தியாவில் அரிது.

போராட்டத்தால் மட்டும் அவர்கள் வெல்லவில்லை. கிராமச் சங்கத்தில் ஒவ்வொருவரின் பாலையும் அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்ப விலை கொடுத்தார்கள். தண்ணீர் கலப்பவருக்கு இலாபம் இல்லாமற் போயிற்று. எந்தச் சாதியாரும் ஒரே வரிசையில் நின்று ஒரே கலனில் பாலை ஊற்றினர். பனிக்காலத்தில் எருமைகள் கூடுதலாகக் கறக்க, பம்பாயால் முழுவதையும் வாங்க முடியவில்லை. மிகுதியான பாலை வெண்ணெயாகவும் மாவாகவும் மாற்ற வழி தேடினர். எருமைப்பாலை மாவாக்க முடியாது என்று பல நிபுணர்கள் கூறியிருந்தும், 1955இல் அதற்கான ஆலை ஆனந்தில் திறக்கப்பட்டது. நகரத்துத் தாய்க்கு என்றும் ஒரே தரமான பால், கிராமத்துத் தாய்க்கு என்றும் பாலுக்கு விலை. இந்த இரண்டையும் இணைத்ததே அவர்களது சந்தைப்படுத்தல்.

வாங்குபவர் எதை எதிர்பார்க்கிறார்?

தயிர்ச் சட்டியையே எடுத்துக்கொள்வோம். வாங்குபவர் நேற்று வாங்கியதைப் போல இன்றும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். பால் நன்றாகக் காய்ச்சப்படாவிட்டால், உறைமோர் பழையதானால், சட்டி சுத்தமில்லாவிட்டால் தயிர் புளிக்கும். வெயிலில் வைத்து, குலுக்கி ஏற்றிச் சென்றால் நீர் விடும். தண்ணீர் கலந்த பாலை ஓரளவு கண்டுபிடிக்கப் பால்மானி என்ற சிறு கருவி போதும். ஒரு குழுவுக்கு ஒன்று இருந்தால் சந்தேகமும் சண்டையும் குறையும்.

கணக்குக்காக, ஒருவர் இருபது சட்டி விற்கிறார் என்று வைப்போம். அதில் மூன்று புளித்தவை. "மூன்றுதானே" என்று நாம் நினைப்போம். அந்த மூன்றையும் வாங்கிய மூன்று வீட்டார் நம்மிடம் வந்து முறையிட மாட்டார்கள். அடுத்த முறை வேறு ஒருவரிடம் வாங்குவார்கள், அயலாருக்கும் சொல்வார்கள். கிழமைக்கு ஒரு சட்டி வாங்கும் வீட்டை இழந்தால் ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு சட்டி போய்விடுகிறது. புளித்த சட்டியைத் திரும்பப் பெற்று நல்லதொன்றைக் கொடுப்பவர் ஒரு சட்டியைத்தான் இழக்கிறார்.

நிறையிலும் இவ்வாறே. நெல்லில் ஈரத்தை விடுவதும், வெங்காய மூட்டையில் நல்லதை மேலேயும் அழுகலைக் கீழேயும் வைப்பதும் ஒரு முறைதான் பலிக்கும். லேவியர் நூல் அளவையிலும் நிறையிலும் நேர்மையைக் கடவுளின் கட்டளையாகவே வைத்திருக்கிறது. எந்தச் சமயத்தவரும் இதை மறுக்கமாட்டார். அறம் சொல்வதையே இங்கு வியாபாரமும் சொல்கிறது.

நமது மாவட்டத்தில் வாங்குபவர் யார்?

மூதூரிலிருந்து தரைவழியே நகருக்குச் செல்லப் பாதைக்காகத் துறைதோறும் காத்திருந்த காலம் போய்விட்டது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. காலையில் கறந்த பாலும் பறித்த கீரையும் அன்றே நகரை அடையலாம். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்கு ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். சித்திரை வருடப்பிறப்பு, நோன்பு, வெசாக், கோணேசர் ஆலய விழா, வெருகல் திருவிழா, நத்தார் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் தேவை கூடும் நாட்கள் உண்டு. இவற்றை ஒரு நாட்காட்டியில் குறித்து, அதற்கேற்பப் பயிரையும் பாலையும் திட்டமிடலாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாங்கும் மாவட்டத்தில், உற்பத்தித் திகதியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுவது மரியாதையும் ஆகும், வியாபாரமும் ஆகும்.

தனியே நின்றால் முடியாது

இடைத்தரகரை எதிரியாக நினைக்கத் தேவையில்லை. வாகனச் செலவும் பழுதாகும் நட்டமும் அவருடையவை. அவசரத்துக்கு முற்பணம் தருபவரும் அவரே. ஆனால் வாங்குபவர் ஒருவரே என்றால், நமக்கு விலை பேச வாய் இல்லை. முற்பணக் கடன் இருந்தால் வாய் முற்றாக அடைபடும். ஆகவே விளைச்சலில் ஒரு பகுதியையாவது நேரடி வாடிக்கைக்கு ஒதுக்க வேண்டும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் தவறாத வரத்தும், ஒரே தரமும், ஒரே வாகனச் செலவும் கைகூடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சந்தைப்படுத்தல் காணி உரிமைக்கு மாற்று அல்ல. காணி விடுபடாதவருக்கும், மேய்ச்சல் தரை இல்லாதவருக்கும், குளம் உடைந்து கிடக்கும் ஊருக்கும் "நன்றாக வியாபாரம் செய்யுங்கள்" என்று போதிப்பது அநீதி. அந்தக் கோரிக்கைகள் தொடர வேண்டும். ஆனால் கையிலுள்ள சிறிதளவு விளைச்சலும் குறைந்த விலைக்குப் போகாமல் காப்பது நம்மால் இன்றே ஆகும்.

அந்தத் தாய் பின்னர் ஒரு நாள் துணிந்து நகரத்துப் பழைய கடைக்குச் சென்றார். அவரை அறிந்த முதலாளி காலமாகிவிட்டார், மகன் இருந்தார். அவர் தயிர் கொண்டுபோகவில்லை. "தம்பி, உங்களுக்கு எப்படி வேணும்?" என்று கேட்கவே போனார். "செவ்வாயும் வெள்ளியும் பத்துச் சட்டி, காலை ஏழு மணிக்கு முன்னம். தவறக்கூடாது" என்றார் இளைஞர். பத்துச் சட்டிக்கு அவரிடம் பால் போதாது. அயல் வீடுகள் மூன்றைச் சேர்த்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமைக்கான தயிர் சரியாக உறையவில்லை. அதை அனுப்பாமல், முதல் நாள் இரவே தொலைபேசியில் சொல்லிவிட்டார். கடைக்காரர் கோபித்தார். ஆனால் அடுத்த செவ்வாய் பத்துச் சட்டியையும் வாங்கினார்.

குழுவாகக் கலந்துரையாட:

1. சென்ற போகத்தில் நாம் விற்ற பொருளைக் கடைசியில் உண்டவர் யார்? அவரிடம் எப்போதாவது கருத்துக் கேட்டோமா?

2. இடம்பெயருமுன் நமக்கு வாடிக்கையாக இருந்த கடைகள், வீடுகள் எவை? அவற்றில் எவற்றுக்கு இந்த மாதம் சென்று வரலாம்?

3. நம்மில் யார் யார் சேர்ந்தால் ஒரே தரத்தில், தவறாமல் ஒரு பொருளைக் கொடுக்க முடியும்? தரம் குறைந்ததை விற்பதில்லை என்ற விதியை யார் காப்பார்?