தாவல் மாற்ற ஒரே விசை: எல்லாக் கணினியிலும் ஒரே பழக்கம்

புதுவாயலைச் சேர்ந்த ஒருவர் அரை நாள் வேலையை விட்டுவிட்டு, வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினியில் மூன்று தாவல்கள் திறந்திருக்கின்றன. விண்ணப்பம் பாதி நிரப்பியாகிவிட்டது. பக்கத்துத் தாவலை மூடுவதற்காக இயக்குபவர் கண்ட்ரோல்+டேப், அடுத்து கண்ட்ரோல்+டபிள்யூ அழுத்துகிறார். மூடியதோ விண்ணப்பத் தாவல்! "முதல்ல இருந்து போடணுங்க, கொஞ்சம் உட்காருங்க" என்று சொல்ல வேண்டியதாகிவிடுகிறது.

ஏன் இப்படி?

கண்ட்ரோல்+டேப் எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. குரோமில் வரிசைப்படி அடுத்த தாவலுக்குப் போகும். ஃபயர்பாக்ஸில் ஒரு அமைப்பு இயக்கத்தில் இருந்தால், கடைசியாகப் பார்த்த தாவலுக்குப் போகும். எக்செலில் திறந்திருக்கும் வேறொரு கோப்புக்கே போய்விடும். நேற்று ஒரு கணினி, இன்று வேறொரு கணினி என்று மாறி உட்காருபவரின் கை தடுமாறத்தான் செய்யும்.

எதைப் பழகலாம்?

1. தாவல் மாற்ற: கண்ட்ரோல்+பேஜ் டவுன் (அடுத்தது), கண்ட்ரோல்+பேஜ் அப் (முந்தையது). குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் இது வரிசைப்படி போகும். எக்செல், லிப்ரெஆபிஸ் கால்க் இரண்டிலும் இதே விசைதான் அடுத்த ஷீட்டுக்குக் கொண்டுபோகும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

2. புதிய தாவல்: கண்ட்ரோல்+டி.

3. தவறி மூடிய தாவலைத் திரும்பப் பெற: கண்ட்ரோல்+ஷிப்ட்+டி. பக்கம் திரும்ப வரும். நிரப்பிய விவரம் வராமல் போகலாம். அதனால் சேமிக்கும் வசதி இருந்தால் அவ்வப்போது சேமித்துவிடுங்க.

4. மூடும் முன் மேலே தாவலின் பெயரை ஒரு தடவை பாருங்க.

ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துபவர்கள் அமைப்புகளில் பொதுப் பகுதிக்குப் போய், கண்ட்ரோல்+டேப் சமீபத்தில் பார்த்த வரிசையில் மாறும் என்ற தேர்வை எடுத்துவிடலாம். மையத்தின் எல்லாக் கணினியிலும் ஒன்றுபோல் செய்வது முக்கியம். மேலே சொன்ன விசைகளை ஒரு அட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால், புதிதாக வேலைக்கு வருபவரும் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்.

நமக்குப் புதிதல்ல

தமிழ்த் தட்டச்சிலும் இதே சிக்கல் இருந்தது. ஆளுக்கொரு விசைப்பலகை முறை வைத்திருந்த காலத்தில், ஓரிடத்தில் பழகிய கை இன்னோர் இடத்தில் உதவவில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டி, உயிரெழுத்து இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் வருமாறு அமைந்த தமிழ்99 முறையை அரசு தரமாக அறிவித்தது. தாவல் விசைகளுக்கு அப்படி ஒரு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மையத்துக்குள் பேசி முடிவெடுத்தாலே போதும். சான்றுக்கு வந்தவர் இரண்டாவது முறை உட்கார வேண்டியிருக்காது.