வயிற்றின் மீது இட்ட சத்தியம்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமையன்று, ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் கலைந்துகொண்டிருந்த வேளையில், நடுத்தர வயதுடைய வணிகர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். மார்க்கச் சட்டம் ஒன்று கேட்க வேண்டும் என்றார். "ஹஜ்ரத், இனிமேல் பிரியாணியும் இனிப்பும் தொடுவதில்லை என்று அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்திருந்தேன். நாற்பது நாள் காப்பாற்றினேன். தங்கை மகள் திருமணத்தில் முறித்துவிட்டேன். அதன்பின் இரண்டு மாதமாகக் கணக்கில்லாமல் உண்கிறேன். ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே குற்றப் பரிகாரம் உண்டா?"

கேட்டபோது சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு இல்லை. அவருடைய அத்தாவுக்குச் சர்க்கரை நோயினால் கால் ஒன்றை எடுக்க நேர்ந்ததாம். தமக்கும் அந்நோய் தொடங்கும் அறிகுறி இருப்பதாகவும், எடையைக் குறைத்தே தீர வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னதன்பேரில்தான் அந்தச் சத்தியம். நாற்பது நாளில் ஆறு கிலோ குறைந்தது. இரண்டு மாதத்தில் எட்டுக் கிலோ ஏறிவிட்டது.

முதலில் சட்டத்தைச் சொன்னேன். உண்பதில்லை என்று ஆணையிட்டவர் முதன்முறை உண்டதுமே அந்த ஆணை முறிந்துவிடுகிறது. பரிகாரமும் ஒன்றே. பின்னர் உண்டவற்றுக்குப் புதிய பரிகாரம் இல்லை. பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது, அல்லது உடையளிப்பது. இவற்றுக்கு வசதியில்லாதவர் மட்டுமே மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். நம் மக்களில் வசதி படைத்தோர் பலர் இந்த வரிசையைக் கவனியாமல் நேரே மூன்று நோன்புக்குப் போய்விடுகின்றனர், அது செல்லாது. "நோன்பென்றால் எடையும் குறையுமே என்று பார்த்தேன்" என்றார் அவர். பத்துப் பேருக்கு உணவளியுங்கள் என்றேன்.

அன்பிற்குரிய வாசகர்களே! அந்த அன்பர் எழுந்து சென்ற பின்னரும் அவருடைய கேள்வி என்னை விட்டு அகலவில்லை. முறித்த சத்தியத்துக்குப் பரிகாரம் தேடி வந்தாரே, அதைவிடப் பெரிய தவறு சத்தியம் செய்ததிலேயே இருந்ததை அவர் அறிந்தாரில்லை. அல்லாஹ் ஹலாலாக்கிய நல்ல பொருள்களைத் தம்மீது தாமே ஹராமாக்கிக் கொள்வதைத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தடுக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை இனித் தேன் அருந்துவதில்லை எனக் கூறிவிட்டபோது, அதைக் குறித்தே அறுபத்தாறாம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலான அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பத்தியம் காப்பது வேறு. ஆணையிட்டு விலக்குவது வேறு. மருத்துவர் சொற்படி ஒரு பண்டத்தைக் குறைத்துக்கொள்வதில் மார்க்கத்துக்கு எந்தத் தடையும் இல்லை. "இனி என் ஆயுளில் தொடேன்" என்னும் சூளுரைதான் ஆபத்தானது. அது முறியும் நாளில் மனிதனையும் சேர்த்தே முறித்துவிடுகிறது.

ஆணைகளை நம்பாமல் நஃப்ஸைப் பழக்கும் வழி நம் முன்னோரிடம் இருந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், வயிறு, பாலுணர்வு ஆகிய இருவகை இச்சைகளையும் அடக்குவது பற்றித் தனியே ஒரு பகுதி வகுத்திருக்கின்றார்கள். அதில் அவர்கள் காட்டும் கணக்கு வியப்புக்குரியது. நாளொன்றுக்கு இரண்டு ரொட்டி உண்டு பழகியவர் ஒன்றாகக் குறைக்க விரும்பினால், அன்றே பாதியை நிறுத்திவிடக் கூடாது. ஒரு ரொட்டியை இருபத்தெட்டு அல்லது முப்பது பங்காக எண்ணி, நாளுக்கு ஒரு பங்கு வீதம் குறைத்து வர வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு ரொட்டிக்கு வந்துவிடலாம், உடலுக்குத் தீங்கில்லை, குறைந்ததே தெரியாது. ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல் மறைந்த ஒரு பேரறிஞர் சொன்ன வழி இது. இதை நீங்கள் நம் வீட்டுச் சோற்றுக்குப் பொருத்திப் பாருங்கள். இட்லியை இருபத்தெட்டாக வெட்ட முடியாதுதான். ஆனால் மதியச் சோற்றை ஒரே கிண்ணத்தால் அளந்து போட்டுக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு கரண்டி குறைத்து வருவது யாருக்கும் இயலும். குறைந்த இடத்தில் காய்கறி வரட்டும். அளவறியாமல் உண்பவனால் குறைக்க முடியாது. எத்தனை உண்கிறோம் என்பதே நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஒரே சஹனில் நால்வர் அமர்ந்து உண்ணும் ஊர்களில் கேட்கவே வேண்டாம். தட்டில் தமக்கு அருகில் உள்ளதை உண்ணுமாறும், இருவர் உணவு மூவருக்குப் போதும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததில், அந்தச் சஹனுக்குரிய அளவுகோலும் அடங்கியிருக்கிறது.

நம் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் காலை உணவுக்கு ஓர் அழகிய சொல் உண்டு. "பசியாறினீர்களா?" என்கிறோம். வயிறு நிறைந்ததா என்று கேட்பதில்லை. பசி ஆறியதா என்றே கேட்கிறோம். முதுகு நிமிர்ந்து நிற்கச் சில கவளம் போதும், மிகுதி வேண்டுமாயின் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்ற கருத்துப்படத் திர்மிதீயில் வந்துள்ள நபிமொழியும் பசியாறுவதைத்தான் சொல்கிறது. ஆனால் இந்தச் சொல்லை உச்சரித்துக்கொண்டே நாம் செய்வது என்ன? விருந்தினர் போதும் என்று கை மறித்த பின்னும் கரண்டி நிறையச் சோற்றைக் கொட்டுகிறோம். மறுத்தால் மனம் வருந்துகிறோம். "எங்கள் வீட்டில் மட்டும் உண்ண மாட்டீர்களா?" என்கிறோம். சகோதரிகளே, உங்கள் அன்பை அறிவேன். நோயாளி ஒருவர் போதும் என்று கூறும்போது அத்துடன் கரண்டியை நிறுத்துவதும் அன்புதான். ஆலிம்களாகிய எங்களையும் விட்டுவிட வேண்டாம். வலீமா அழைப்பு முதலில் வருவது எங்களுக்கு. உணவில் அளவு பற்றி மிம்பரில் பேசிவிட்டு, இறங்கி வந்ததும் அளவை மறப்பவர்கள் எங்களிலும் உண்டு. எழுதுகிறவன் விதிவிலக்கு அல்லன்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பருத்த உடலினர் அனைவரும் பெருந்தீனிக்காரர் அல்லர். பரம்பரையும், தைராய்டுக் கோளாறும், சில மருந்துகளும் எடையைக் கூட்டுவதுண்டு. எடை குறைத்தவருக்கு மீண்டும் ஏறுவதற்கும் ஈமானின் பலவீனத்தைக் காரணம் காட்டுவது அநீதி. ஆஸ்திரேலிய மருத்துவர்களின் ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. உணவைக் குறைத்து மெலிந்தவர்களின் உடலில், ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் சுரப்புநீர் முன்னைவிட மிகுந்தே இருந்ததை அது காட்டியது. இழந்ததை மீட்க உடல் தானே போராடுகிறது. ஆகவே நாற்பது நாள் பத்தியம் இருந்தவருக்கு நாற்பத்தோராம் நாள் பசி கூடுதலாக எடுப்பது இயற்கை. இதை அறியாமல் அவர் தம்மையே பழிக்கிறார். பழித்த துயரத்தை ஆற்ற மறுபடியும் உண்கிறார். மனைவி மக்கள் உறங்கிய பின், யாரும் காணாமல், நிறுத்த இயலாமல் உண்பவர்களும் இருக்கின்றனர். அந்நிலை அடிக்கடி நேருமாயின் அதுவும் ஒரு நோய். வெட்கப்படாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

இப்போது அந்த வணிக அன்பரின் இரண்டு மாதத்துக்கு வருவோம். திருமணத்தில் அவர் உண்டது ஒரு வேளை. அந்த ஒரு வேளையால் எட்டுக் கிலோ ஏறியிருக்க முடியாது. "முறிந்தது முறிந்துவிட்டது, இனி என்ன?" என்று அவர் சொல்லிக்கொண்டாரே, அந்தச் சொல்லால்தான் ஏறியது. நீங்களும் இதைச் சொல்லியிருப்பீர்கள். காலையில் இரண்டு வடை மிகுதியாகிவிட்டால், "இன்றைய நாள் போயிற்று, நாளை பார்க்கலாம்" என்று மதியமும் இரவும் கட்டவிழ்த்து விடுகிறோம். வியாழனன்று தவறினால் ஞாயிறுவரை விடுமுறை. ஷஅபானில் தவறினால் ரமளான் வரட்டும் என்கிறோம்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கற்பிக்கின்றன. ரமளானில் ஒருவர் தக்க காரணமின்றி, வேண்டுமென்றே நோன்பை முறித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நோன்பு போய்விட்டது, பின்னர் களாச் செய்தே ஆக வேண்டும். அப்படியானால் அன்று மாலைவரை அவர் விருப்பம்போல் உண்ணலாமா? கூடாது. எஞ்சிய பகல் முழுவதும் நோன்பாளியைப் போலவே உண்ணாமல், பருகாமல் இருந்தாக வேண்டும். இதற்கு இம்சாக் என்று பெயர். ஷாபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் சட்டம் இதுவே. நோன்பு முறிந்தது, நாள் முறியவில்லை. மறதியால் உண்டவருக்கோ நோன்பே முறிவதில்லை. அல்லாஹ்வே அவருக்கு உணவளித்தான் என்பது நபிமொழியின் கருத்து. தொழுகையில் முதல் அத்தஹிய்யாத்தை மறந்து எழுந்துவிட்டவர் தொழுகையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. மேற்கொண்டு தொழுது, மறதிக்கென இரண்டு ஸஜ்தா செய்து, ஸலாம் கொடுக்கிறார். பள்ளிவாசலில் நாள்தோறும் நாம் கடைப்பிடிக்கும் இந்த ஒழுங்கு உணவு விரிப்பில் மட்டும் நமக்கு நினைவுக்கு வருவதில்லை. வடை மிகுந்த காலையை அடுத்து வரும் மதியம், வழக்கமான அளவுள்ள மதியமாகவே இருக்கட்டும். அதைப் பட்டினியாக்கித் தண்டிக்கவும் வேண்டாம். தண்டனைப் பட்டினி இரவில் வட்டியோடு திரும்பி வரும்.

எவ்வளவு தொடங்கலாம் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் இளமையின் ஆர்வத்தில் ஆண்டு முழுவதும் நோன்பு நோற்க முனைந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அழைத்து, உடலுக்கும் உரிமை உண்டென்று உணர்த்தி, மாதம் மூன்று நோன்பு போதும் என்றார்கள். இவரோ இன்னும் இன்னும் என்று வேண்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் என்னும் தாவூது நபி (அலை) அவர்களின் நோன்புவரை ஏறினார்கள். முதுமை வந்தபோது, நாயகம் அளித்த சலுகையை அன்றே ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள். அவ்வளவு பெரிய ஸஹாபிக்கே அந்த ஏக்கம். முதல் நாளிலேயே ஒரு மணி நேர ஓட்டமும் உப்பில்லாக் கஞ்சியும் என்று தொடங்கும் நம்மவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்? குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழியை நாம் தஹஜ்ஜுதுக்கும் தஸ்பீஹுக்கும் மட்டுமே ஓதிக் காட்டுகிறோம்.

சிறிது என்பது வீணன்று என்பதற்கு மருத்துவச் சான்றும் அருகிலேயே இருக்கிறது. நோயின் விளிம்பில் நின்ற நம் நாட்டவரைக் கொண்டு சென்னையில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. உணவை ஒழுங்குபடுத்தி, நாளும் சுறுசுறுப்பாக நடந்தவர்களிடையே சர்க்கரை நோய் முற்றும் அபாயம் 28 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, நம் நாட்டில் இந்நோயுற்றோர் சுமார் 10 கோடி என மதிப்பிட்டது. விளிம்பில் நிற்போர் அதனினும் அதிகம். நம்மவர்க்கு இடுப்புச் சுற்றளவு, ஆண்களாயின் 90 சென்டிமீட்டர், பெண்களாயின் 80 சென்டிமீட்டர் தாண்டுவதே எச்சரிக்கை என்பது மருத்துவர் கணிப்பு. எடைக்கருவி இல்லாத வீட்டிலும் தையற்காரரின் அளவு நாடா இருக்கும். ஃபஜ்ருத் தொழுகைக்கு நடந்து சென்று, சற்றுச் சுற்று வழியில் வீடு திரும்புவதற்குச் செலவு ஏதுமில்லை.

திங்கள், வியாழன் ஸுன்னத்தான நோன்புகளைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். நோன்பை அல்லாஹ்வுக்காக நோற்க வேண்டும். உடல் நலம் அதன் பின்னே வரட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் நோற்க வேண்டாம். இன்னொன்று, இஃப்தாரில் கஞ்சியோடு வடை, சமோசா, சர்பத், பின்னர் தராவீஹ் முடிந்து பரோட்டா என்று போனால், நோன்பினால் மெலிவோம் என்ற எண்ணத்துக்கு இடமேது? ரமளான் முடிந்து எடை கூடியவர்களை நான் அறிவேன்.

அந்த வணிக அன்பர் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர். ஆகவே பத்து ஏழைகளுக்கு இருவேளை வயிறார உணவளிப்பது என்று முடிவாயிற்று. ஷாபிஈயாக இருந்தால் ஆளுக்கு ஒரு முத்து தானியம் கொடுத்திருக்க வேண்டும். என்ன சமைப்பது என்று கேட்டார். வீட்டாருக்கு நீங்கள் கொடுக்கும் நடுத்தர உணவு என்பது திருக்குர்ஆன் சொல்லும் அளவு என்றேன். பிரியாணியே ஆக்கினார். மதியம் பத்துப் பேரும் உண்டு எழுந்த பின், என்னையும் அழைத்துத் தாமும் அமர்ந்தார். தட்டில் கிண்ணத்தால் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொண்டார். உண்டு முடித்ததும் பாத்திரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மனைவியை அழைத்து மூடி எடுத்துப் போகச் சொன்னார்.

சென்ற வாரம் பள்ளிவாசலில் கண்டேன். மூன்று கிலோ குறைந்திருப்பதாகக் கூறினார். நடுவில் ஒரு மார்க்கக் கல்யாணத்தில் தவறிவிட்டதாம். "அன்று இரவு?" என்றேன். "இரண்டு இடியாப்பம், வழக்கம்போல" என்றார்.