மாறும் முகவரிகளுக்கு ஒரு மாறாத வாசல்

குபெர்நெட்டிஸில் ஒரு செயலியின் பிரதிகள் 'பாட்' என்னும் சிறு அலகுகளாக இயங்குகின்றன. செயலிழந்த பாடை யாரும் பழுதுபார்ப்பதில்லை; ஏதேனும் ஒரு சர்வரில் புதிய பாட் எழும், அதன் ஐபி முகவரியும் புதிது. பயனருக்குத் தெரிந்ததோ ஒரே முகவரி. இரண்டையும் சேர்த்து வைக்கும் வேலை, கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் லோடு பேலன்சருடையது.

கூகுள் 2014இல் அறிவித்த திறமூல மென்பொருளான குபெர்நெட்டிஸில், பாட்கள் மாறினாலும் மாறாத முகவரியை 'சர்வீஸ்' தருகிறது. ஆனால் அது கிளஸ்டர் எனப்படும் சர்வர் தொகுப்புக்குள் மட்டுமே செல்லும். வெளியே திறக்க வழக்கமாக இரண்டு வழிகள். 'நோட்போர்ட்', 30000 முதல் 32767 வரையிலான எண்களில் ஒன்றை எல்லா சர்வர்களிலும் திறந்துவைக்கும். 'லோடுபேலன்சர்' வகை, வெளி முகவரி ஒன்றைக் கேட்டுப் பெறும். கிளவுடில் அதை நிறுவனமே வழங்கிவிடும். சொந்த சர்வர் அறையில் வழங்க ஆளில்லாததால் 'பெண்டிங்' என்றே நிற்கும். அங்கே மெட்டல்எல்பி என்னும் மென்பொருள் அந்த முகவரியைத் தரும். இல்லையெனில், ஹெச்ஏபிராக்ஸி என்னும் லோடு பேலன்சரை முன்னால் நிறுத்தி நோட்போர்ட்டுகளுக்குப் போக்குவரத்தைப் பிரித்தனுப்பலாம்.

முன்னால் நிற்பது ஒன்றே என்றால், அது விழும்போது எல்லாமே விழும். ஆகவே இரண்டு லோடு பேலன்சர்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரு மெய்நிகர் ஐபி. கீப்அலைவ்டி என்னும் மென்பொருள், விஆர்ஆர்பி நெறிமுறைப்படி, முதன்மை சர்வரிலிருந்து வழக்கமாக வினாடிக்கொரு அறிவிப்பை அனுப்புகிறது. தொடர்ந்து மூன்று அறிவிப்புகள் வராவிட்டால் துணை சர்வர் அந்த ஐபியை எடுத்துக்கொள்ளும். இதற்கு ஏறத்தாழ மூன்று, நான்கு வினாடிகள் ஆகும். கிளஸ்டரை நிர்வகிக்கும் ஏபிஐ சர்வர்களுக்கு முன்னாலும், 6443ஆம் போர்ட்டில், இதே ஏற்பாடு பொருந்தும்.

உடல்நலச் சோதனையில்தான் நுணுக்கம் இருக்கிறது. லோடு பேலன்சர் பார்ப்பது சர்வரை. குபெர்நெட்டிஸ் பார்ப்பது பாடை. பாட் இல்லாத சர்வரிலும் நோட்போர்ட் பதிலளிக்கும்; கோரிக்கை அங்கிருந்து இன்னொரு சர்வருக்குத் தாவும், பயனரின் உண்மையான ஐபியும் வழியில் மறையும். சர்வீஸின் வெளிப்போக்குவரத்துக் கொள்கையை 'லோக்கல்' என வைத்தால் கோரிக்கை அந்தந்த சர்வரின் பாட்களுக்கு மட்டுமே போகும். அப்போது பாட் உள்ள சர்வர்களை மட்டும் லோடு பேலன்சரின் சோதனை தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாடை நிறுத்தும்போதும் ஒரு சிக்கல் உண்டு. நிறுத்தும் கட்டளையும், சர்வீஸின் பாட் பட்டியலிலிருந்து நீக்கும் செய்தியும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. செய்தி எல்லா சர்வர்களையும் எட்டுமுன் பாட் மூடிக்கொண்டால், இடையில் வரும் கோரிக்கைகள் தோல்வியடையும். இயல்பாகக் கிடைக்கும் 30 வினாடி அவகாசத்தில், முதல் சில வினாடிகள் பாடைக் காத்திருக்கச் செய்வதே இதற்கு வழக்கமான தீர்வு.