புதுக் கல்லீரல் வந்தபின் இதயத்தைக் கவனியுங்கள்

கல்லீரல் மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள், "ஈரல் நல்லா வேலை செய்யுதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "நெஞ்சு எப்படி இருக்கு?" என்று கேட்பவர் அரிது. ஆனால் கல்லீரல் மாற்றுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் நேரும் இறப்புகளுக்கு முன்னணிக் காரணங்களில் இதய, ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் இருக்கின்றன. ஆண்டுகள் கடந்த பிறகும் அந்த ஆபத்து விலகுவதில்லை.

தமிழகத்தில் இந்தச் சிகிச்சை வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் மாறிவிட்டது. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. சிகிச்சை சென்னையில் நடந்தாலும், அதற்குப் பிந்தைய வாழ்க்கை சொந்த ஊரில்தான். விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் போன்ற உப்பளக் கரைக்குத் திரும்புகிறவருக்கு வெயிலும் உப்பும் அன்றாடம். அந்த இரண்டும் இதயத்தோடு நேரடித் தொடர்புள்ளவை.

நோயுற்ற கல்லீரல் இதயத்தை எப்படிப் பாதிக்கிறது?

கல்லீரல் சுருங்கி இறுகும் சிரோசிஸ் நோயில் உடலின் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. ரத்த அழுத்தம் தாழ்கிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடித்து, வழக்கத்தைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. வெளிப்பார்வைக்கு நன்றாக வேலை செய்வதுபோலத் தெரிந்தாலும், உள்ளே இதயத் தசை விறைத்துப்போகிறது. நெருக்கடி வரும்போது கூடுதலாக உழைக்கும் திறன் குறைகிறது. ஈசிஜியில் 'க்யூடி' என்ற இடைவெளி நீள்கிறது. இந்த நிலைக்கு 'சிரோட்டிக் கார்டியோமயோபதி' என்று பெயர். ஓய்வாக இருக்கும் நோயாளியிடம் இதற்கு அறிகுறியே இல்லாமல் இருக்கலாம்.

அறுவை நாளும் முதல் 90 நாட்களும்

புதுக் கல்லீரலைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைத் திறந்துவிடும் அந்தச் சில நிமிடங்கள் இதயத்துக்குப் பெரும் சோதனை. குளிர்ந்த, அமிலத்தன்மையும் பொட்டாசியமும் மிகுந்த ரத்தம் திடீரென்று இதயத்துக்குள் பாய்கிறது. ரத்த அழுத்தம் சரியலாம், துடிப்பு தடுமாறலாம். மயக்கவியல் மருத்துவர்கள் இதற்கு ஆயத்தமாகவே நிற்பார்கள்.

அடுத்த சோதனை மெதுவாக வருகிறது. புதுக் கல்லீரல் வேலையைத் தொடங்கியதும் தளர்ந்திருந்த ரத்தக்குழாய்கள் பழைய இறுக்கத்துக்குத் திரும்புகின்றன. உப்பளத்தில் அகன்ற வாய்க்காலில் நீர் இறைத்துப் பழகிய மோட்டாரை ஒரே நாளில் குறுகிய குழாயில் மாட்டியதைப் போன்றது இது. ஏற்கெனவே விறைத்திருந்த இதயம் இந்த எதிர்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனால் நுரையீரலில் நீர் கோக்கும், மூச்சு வாங்கும்.

அமெரிக்காவில் 32,810 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், பெரிய இதய, ரத்தக்குழாய்ச் சிக்கலால் 30 நாட்களுக்குள் 8 சதவீதத்தினரும் 90 நாட்களுக்குள் 11 சதவீதத்தினரும் மருத்துவமனைச் சிகிச்சை பெற நேர்ந்தது தெரியவந்தது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

• 65 வயதைத் தாண்டியவர்கள்.
• மதுவால் கல்லீரல் கெட்டவர்கள். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் பல உயிர்களைப் பறித்தது. அது மெத்தனால் நஞ்சு, ஓரிரு நாளில் கொல்லும். கடையில் விற்கும் மதுவில் இருக்கும் எத்தனாலோ ஆண்டுக்கணக்கில் கல்லீரலையும் இதயத் தசையையும் சேர்த்தே அரிக்கிறது.
• கொழுப்புக் கல்லீரல் முற்றிச் சிரோசிஸ் ஆனவர்கள். கல்லீரலைக் கெடுத்த சர்க்கரையும் உடல்பருமனும் இதயத் தமனிகளையும் விட்டுவைத்திருக்காது.
• அறுவைக்கு முன்பே சிறுநீரகம் பலவீனமானவர்கள், அதாவது ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியவர்கள்.
• 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் சீரற்ற துடிப்பு, பக்கவாதம், மாரடைப்பு ஆகியவற்றில் ஏதேனும் முன்பு வந்தவர்கள்.
• உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள், இளவயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தினர்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலேயே வரலாம். "எனக்கு நெஞ்சு வலித்ததே இல்லை" என்ற நம்பிக்கையில் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை

காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கும் முன்பே ஈசிஜியும் எக்கோவும் எடுப்பார்கள். ஆபத்துக் காரணிகள் இருந்தால், இதயத்துக்கு மருந்தால் உழைப்பைக் கொடுத்துப் பார்க்கும் எக்கோ, சிடி ஆஞ்சியோ, தேவைப்பட்டால் நேரடி ஆஞ்சியோகிராம் என்று அடுத்தடுத்துப் போவார்கள். நுரையீரல் தமனியின் அழுத்தத்தையும் பார்ப்பார்கள். அது மிக அதிகமாக இருந்தால், முதலில் அதைக் குறைத்த பிறகே மாற்று அறுவையைப் பற்றிப் பேச முடியும். இத்தனை பரிசோதனை எதற்கு என்று குடும்பத்தார் சலித்துக்கொள்ள வேண்டாம். அடைப்பு முன்கூட்டியே தெரிந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது.

உயிர் காக்கும் மாத்திரைகளின் மறுபக்கம்

புதுக் கல்லீரலை உடல் நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டு, எவரோலிமஸ் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. இவற்றை ஒரு வேளைகூடத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் டாக்ரோலிமஸ் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம், சிறுநீரகத்தைச் சோர்வடையச் செய்யலாம். சைக்ளோஸ்போரின் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும், எவரோலிமஸ் கொழுப்பையும் கூட்டலாம். ஸ்டீராய்டு சர்க்கரையையும் எடையையும் ஏற்றும். நோயின்போது விட்டுப்போன பசியும் திரும்ப வந்துவிடுவதால், முதல் ஆண்டில் பலருக்கு எடை கிடுகிடுவென்று ஏறுகிறது.

எனவே அளவுகளைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். பொதுவான இலக்கு: ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 7 சதவீதத்துக்குக் கீழே, கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) 100-க்குக் கீழே. இதய நோய் ஏற்கெனவே இருந்தால் கொழுப்பை இன்னும் குறைக்கச் சொல்வார்கள். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம், "எனக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்திருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டில்டியாசெம் போன்ற ரத்த அழுத்த மருந்துகளும் எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பம்பளிமாஸ் பழத்தாலும் ஏறலாம். மஞ்சள் காமாலைக்குக் குடித்துப் பழகிய கீழாநெல்லி உட்பட எந்த நாட்டு மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

உப்பளக் கரையில் கூடுதல் கவனம்

வெயில்: தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், பெரும்பாலானோர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதும் சிலருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதும் தெரியவந்தது. நல்ல உடம்புக்கே அப்படி என்றால், டாக்ரோலிமஸ் சாப்பிடுபவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நீர்ச்சத்து வற்றினால் சிறுநீரகம் தளரும், பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தடம் மாறும். வேலைக்குத் திரும்பலாமா, எப்போது என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். திரும்பினாலும் வெயில் ஏறும்முன் முடிகிற வேலையாக, கூடை சுமக்காத வேலையாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் இதயம் பலவீனமானவருக்கு அளவுக்கு மீறிய நீரும் சுமைதான்.

உப்பு: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் இந்த அளவை எளிதில் தாண்டவைக்கும். "வேர்வையில் உப்பு போகுது, கூட சேர்த்துக்கணும்" என்ற பேச்சு மாற்றுக் கல்லீரலோடு வாழ்பவருக்குப் பொருந்தாது.

பொட்டாசியம் உப்பு: 'குறைந்த சோடியம்' என்று அச்சிட்ட பாக்கெட்டுகளில் சாதாரண உப்பின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பொதுமக்களில் பெரியவர்களுக்கு இதை 2025-இல் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களை விலக்கியே வைத்தது. டாக்ரோலிமஸும் பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து. நல்லது என்று நினைத்து இந்த உப்புக்கு மாறிவிடாதீர்கள். இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் அனுமதித்த பிறகு குடியுங்கள்.

வலி மாத்திரை: இடுப்பு வலிக்கும் கால் வலிக்கும் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவை ரத்த அழுத்தத்தை ஏற்றும். டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் சிறுநீரகத்தை வேகமாகக் கெடுக்கும்.

மழைக்கால வருமானம்: ஐப்பசி மழையில் உப்பு வார முடியாது, கூலியும் நிற்கும். மாத்திரையைப் பாதியாகக் குறைப்பதும் சென்னைப் பயணத்தைத் தள்ளிப்போடுவதும் அப்போதுதான் நடக்கும். பணம் தடையானால் மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வழி காட்டுவது அவருடைய பணி.

எப்போது 108-ஐ அழைக்க வேண்டும்?

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, படுத்தால் மூச்சு முட்டுதல், திடீர் மயக்கம், தாறுமாறான படபடப்பு, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, ஒரு பக்கம் கை கால் தளர்தல், வாய் கோணுதல். இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கும் விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் சாலை வழி இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் எடை மளமளவென்று ஏறுதல், கால் வீக்கம், ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவை இருந்தால் அன்றே மாற்று மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

சாப்பிடும் மருந்துகளின் பெயர், அளவு, மாற்று மையத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். அடுத்த ஆய்வுக்குப் போகும்போது கல்லீரல் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு இலக்குக்குள் இருக்கின்றனவா? சிறுநீரகமும் பொட்டாசியமும் எப்படி? எக்கோ மறுபடி எப்போது எடுக்க வேண்டும்? இந்தப் பதில்கள் கையில் இருந்தால், இதயத்துக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதியை அது வரும் முன்பே தடுக்க முடியும்.