லூக்காற்றும் நம் வியர்வையும்

தில்லியில் தேர்வு நாட்களும் லூ என்னும் அனற்காற்றின் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. வரும் வார வானிலை அறிக்கையில் ‘வெப்ப அலை’ என்று கண்டால் பொருள் இதுதான்: சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தினும் 4.5 டிகிரியாவது மிகும். அல்லது 45 டிகிரியை எட்டும்.

சென்னையில் வியர்வை வழிந்து நம்மை எச்சரிக்கும். இங்கோ இராஜஸ்தான் பாலையைக் கடந்துவரும் வறண்ட மேற்குக் காற்று அதைத் தோன்றிய கணமே உலர்த்திவிடும். உடல் நீரிழப்பது நமக்கே தெரியாது. ஊரிலிருந்து புதிதாக வந்தோர் இதில் ஏமாறுவதை ஆண்டுதோறும் விடுதியில் காண்கிறேன்.

ஆகவே தாகத்துக்குக் காத்திராமல், உப்பிட்ட மோரோ, இவ்வூர் மாங்காய்ப் பன்னாவோ பருகுங்கள். நண்பகல் முதல் மூன்று மணி வரை வெளியே செல்லாதீர்கள். ஒருவருக்கு உடல் கொதித்துப் பேச்சுக் குழறினால் அது வெறுங் களைப்பன்று. நிழலில் கிடத்தி, நீரால் நனைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.