உங்களுக்குத் தெரியுமா? இறால் ஓட்டில் ஒளிந்திருக்கும் சாரம்

இறாலை ஆய்ந்து, தலையையும் ஓட்டையும் குப்பையில் கொட்டிவிட்டு, எஞ்சிய சதையை மாத்திரம் அடுப்பில் ஏற்றுகிறவர்கள், அதன் எடையில் ஏறக்குறையப் பாதியையும் ருசியில் பெரும் பாகத்தையும் துறந்துவிடுகிறார்கள். மலேசியாவின் பினாங்குத் தீவில் 'ஹொக்கியன் மீ' என்னும் நூடுல்ஸ் உணவைச் சமைக்கும் சீன வம்சத்தவரோ, அந்தத் தலைகளையும் ஓடுகளையும் எண்ணெயில் மணம் எழும்வரை வதக்கி, பன்றியெலும்போடு கொதிக்கவைத்து வடித்தெடுக்கிறார்கள். அந்தச் செந்நிறச் சாறே அவ்வுணவின் பிராணன், நூடுல்ஸ் வெறும் துணைதான் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் எண்ணெயில் வதக்குவதற்குச் சாஸ்திரீயமான காரணம் உண்டு. பச்சை இறாலின் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்னும் சிவப்பு வர்ணப் பதார்த்தம், ஒரு புரதத்தோடு பிணைந்து, நீலச் சாம்பல் சாயலில் மறைந்திருக்கிறது. உஷ்ணம் பட்டு அப்புரதம் சிதைந்ததும் விடுபடுகிற அவ்வர்ணம், நீரில் கரையாமல் கொழுப்பிலே கரையும் சுபாவமுடையதாதலால், எண்ணெயோ வெண்ணெயோ இருந்தாலன்றிச் சாற்றில் நன்றாக இறங்குவதில்லை. பிரெஞ்சுக்காரர் 'பிஸ்க்' என்னும் சூப்புக்கு ஓடுகளை வெண்ணெயில் வதக்குவதிலும் இதே நியாயந்தான்.

தலைக்குள் இருக்கும் ஜீரணச் சுரப்பியே கொழுப்பும் சுவையும் மிகுந்த பகுதி. ஆகையால் வதக்கும்போது கரண்டியின் பின்புறத்தால் தலைகளைச் சற்று நசுக்கிவிடுவது உத்தமம். வீட்டடுப்பில், ஆட்டெலும்பைப் போல மணிக்கணக்காகக் காய்ச்ச வேண்டியதில்லை. அரைமணி நேரம் போதும். உடனே சமைக்க இயலாவிட்டால் தலைகளையும் ஓடுகளையும் பிரீசரில் சேர்த்து வைக்கலாம். வெளியே கிடந்தால் முதலில் கெடுவது தலைதான்.