வலைச் சேவையில் நேரும் பிழைகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

மழையளவு, பயிர் நிலை, பள்ளி வருகை முதலிய விவரங்கள் முன்னாளில் தாளில் எழுதப்பெற்று அஞ்சலில் சென்றன. இன்று அவற்றுட் பெரும்பகுதி கைப்பேசி வாயிலாகவோ கணிப்பொறி வாயிலாகவோ தொலைவிலுள்ள சர்வர் ஒன்றை அடைகிறது. அஞ்சலில் தவறிய கடிதம் தவறியதென்று தெரியப் பல நாட்கள் ஆயின. சர்வரோ பெரும்பாலும் சில விநாடிகளிலேயே பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எனினும் அச்செய்தியின் பொருள் விளங்காமையால், சென்று சேராத விவரம் சேர்ந்துவிட்டதாகக் கருதப்படுவதும், ஒருமுறை சேர்ந்த விவரம் மீண்டும் அனுப்பப்படுவதும் உண்டு. ஒரு நிலையத்தில் 42 மில்லிமீட்டர் மழை பெய்தது என்னும் செய்தி இருமுறை பதிவாகிக் கூட்டப்பட்டால் 84 மில்லிமீட்டராகிவிடும். பதிவே ஆகாத நாளை மழையற்ற நாளென்று கொள்வதும் அதை ஒத்த தவறேயாகும். ஆகையால் பிழையின் காரணத்தை ஆராயும் முறையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

செய்தி செல்லும் பாதை

வெப் சர்வீஸ் என வழங்கும் வலைச் சேவை என்பது, ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் வலையின் வழியே ஒரு வேலையைச் செய்யுமாறு கேட்டுப் பதில் பெறும் ஏற்பாடாகும். இத்தகைய சேவைகள் பல ஜாவா மொழியில் எழுதப்பட்டுள்ளன. இம்மொழியை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஜாவா நிரல்களைத் தாங்கி நின்று, வரும் வேண்டுகோள்களை அவற்றிடம் ஒப்படைத்து, பதிலை வெளியே அனுப்பும் ஏற்பாட்டிற்கு அப்ளிகேஷன் சர்வர் என்று பெயர். வைல்ட்ஃபிளை, கிளாஸ்ஃபிஷ், வெப்லாஜிக், வெப்ஸ்பியர் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. டாம்கேட் என்பது சர்வ்லெட் என்னும் பகுதிகளை நடத்துவதற்கான எளிய வகை.

கைப்பேசியில் ‘அனுப்பு’ என்பதைத் தொட்டவுடன் செய்தி பல படிகளைக் கடக்கிறது. முதலில் சர்வரின் பெயருக்குரிய எண் முகவரி கண்டறியப்படுகிறது. அதன்பின் தொடர்பு ஏற்பட்டு, சர்வரின் சான்றிதழ் சரிபார்க்கப்படுகிறது. வாயிலில் நிற்கும் புராக்ஸி என்னும் இடைநிலை சர்வர் செய்தியை அப்ளிகேஷன் சர்வரிடம் சேர்க்கிறது. அங்கே ஒரு திரெட், அதாவது ஒரு வேலை இழை, செய்தியைப் பெற்று நிரலிடம் அளிக்கிறது. நிரல் தரவுத்தளத்தில் பதிவு செய்து, பதிலை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் வாய்க்கால் முழுவதையும் ஒரே நாளில் வெட்டிப் பார்ப்பாரில்லை. எந்த மதகுவரை நீர் வந்துள்ளது என்று பார்த்து, அடைப்பு உள்ள இடத்தைக் குறுக்கிக்கொண்டே செல்வர். இங்கும் அம்முறையே பொருந்தும். செய்தி எந்தப் படிவரை சென்றது என்பதே முதற்கேள்வி.

பதில் எண்கள் உணர்த்துவன

எச்.டி.டி.பி. என்னும் வலை விதிமுறைப்படி, சர்வரிலிருந்து வரும் ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணைத் தாங்கி வருகிறது. 200 வரிசை வெற்றியைக் குறிக்கும். 400 வரிசை, வேண்டுகோளில் குறை இருப்பதாகச் சர்வர் கருதுவதைக் காட்டும். 500 வரிசை, சர்வர் தரப்பில் வேலை நிறைவேறவில்லை என்பதைத் தெரிவிக்கும். எந்த எண் வந்தாலும், பாதையின் ஏதேனும் ஒரு படியில் எவரோ பதில் அளித்தனர் என்பது உறுதியாகிறது.

401 என்பது, அனுப்பியவர் இன்னார் என்று நிறுவப்படவில்லை என்று பொருள்படும். 403 என்பது, வேண்டுகோள் விளங்கியும் சர்வர் அதற்கு அனுமதி மறுக்கிறது என்பதாகும். முன்னதற்குக் கடவுச்சொல்லைச் சரிபார்க்க வேண்டும். பின்னதற்குப் பெரும்பாலும் நிர்வாகியிடம் உரிமை பெற வேண்டும்.

404 என்பது கேட்ட முகவரியில் ஒன்றும் இல்லை என்பதாகும். ஜாவா சர்வரில் இதற்கு இரு காரணங்கள் அடிக்கடி காணப்படும். முகவரி தவறாக எழுதப்பட்டிருக்கலாம். அல்லது சர்வர் இயங்கியபோதிலும் அதனுள் இருக்கவேண்டிய பயன்பாட்டு நிரல் தொடங்கத் தவறியிருக்கலாம். ஒரு முகவரி மட்டும் 404 தந்தால் முன்னதையும், அந்நிரலுக்குரிய எல்லா முகவரிகளும் 404 தந்தால் பின்னதையும் ஐயுறலாம்.

405 என்பது கேட்ட முறை ஏற்கத்தக்கதன்று என்பதாகும். சேவையின் முகவரியைப் பிரௌசரில் இட்டுப் பார்த்து 405 வந்ததால் சேவை பழுது என்று முடிவு கட்டலாகாது. பிரௌசர் ‘கெட்’ முறையில் கேட்கிறது. ‘போஸ்ட்’ முறையை மட்டும் ஏற்கும் சேவை அதை மறுப்பது இயல்பே.

502, 503, 504 ஆகியவற்றை வேறுபடுத்தி அறிதல் அவசியம். 502 என்பது, இடைநிலை சர்வருக்கு உள்ளிருக்கும் சர்வரிடமிருந்து தகுந்த பதில் கிடைக்கவில்லை என்பதாகும். 503 என்பது, பளுவினாலோ பராமரிப்பினாலோ சேவை தற்காலிகமாக இல்லை என்பதாகும். 504 என்பது, குறித்த காலத்திற்குள் உள்ளிருந்து பதில் வரவில்லை என்பதாகும். ஆனால் 504 வந்ததால் வேலை நடைபெறவில்லை என்று கொள்ள இடமில்லை. காலங்கடந்து அது நிறைவேறியிருக்கவும் கூடும்.

எண்ணே வாராத நிலை

சில வேளைகளில் எண் ஏதும் வருவதில்லை. ‘அன்நோன் ஹோஸ்ட்’ என்ற செய்தி, சர்வரின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை என்று கூறும். ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்பது, பெரும்பாலும் அக்கணிப்பொறி இருக்கிறது, ஆனால் அந்த வாயிலில் பதில் சொல்ல நிரல் ஏதும் இல்லை என்று பொருள்படும். ‘கனெக்ட் டைம்ட் அவுட்’ என்பது கதவைத் தட்டியும் ஒலியே இல்லாத நிலை. இதற்குப் பெரும்பாலும் வழியிலுள்ள பாதுகாப்புத் தடையோ, அணைந்து கிடக்கும் சர்வரோ காரணமாகும்.

ஜாவா நிரல் வேறொரு சேவையை அழைக்கும்போது ‘பி.கே.ஐ.எக்ஸ். பாத் பில்டிங் ஃபெயில்டு’ என்ற செய்தி தோன்றுவதுண்டு. எதிரிலுள்ள சர்வரின் சான்றிதழை நம்பத்தக்கதென்று உறுதி செய்யும் தொடர், ஜாவாவின் நம்பிக்கைப் பட்டியலில் முடியவில்லை என்பதே இதன் பொருள். உரிய சான்றிதழைப் பட்டியலில் சேர்ப்பதோ, எதிர்ச் சர்வர் விட்டுவிட்ட இடைச் சான்றிதழை அனுப்பச் செய்வதோ பரிகாரமாகும். சரிபார்த்தலையே நிறுத்திவிடுவது, பூட்டு திறக்கவில்லை என்று கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும். கணிப்பொறியின் கடிகாரம் தவறாக இருந்தாலும் செல்லத்தக்க சான்றிதழ் காலாவதியானதாகத் தோன்றும்.

நிகழ்ச்சிப் பதிவேட்டைப் படித்தல்

500 என்ற எண் மட்டும் காரணத்தைத் தெளிவாகக் கூறாது. காரணம் லாக் என்னும் நிகழ்ச்சிப் பதிவேட்டில் இருக்கும். லினக்ஸ் கணிப்பொறிகளில் டாம்கேட் இதைப் பொதுவாக ‘கேட்டலினா.அவுட்’ என்ற கோப்பிலும், வைல்ட்ஃபிளை ‘சர்வர்.லாக்’ என்ற கோப்பிலும் எழுதுகின்றன. பிழை நேர்ந்த மணி, நிமிடம் தெரிந்திருந்தால் உரிய பகுதியைக் கண்டுபிடித்தல் எளிது.

ஜாவாவின் பிழைக் குறிப்பு பல வரிகளாக நீளும். முதல் வரியை மட்டும் படித்து நிறுத்துவோர் பலர். ‘காஸ்டு பை’ எனத் தொடங்கும் வரிகளுள் கடைசியாக நிற்பதே பெரும்பாலும் மூல காரணத்தைக் கூறுவது. மேலே உள்ளவை அதன் விளைவுகள்.

‘கிளாஸ் நாட் ஃபவுண்டு’ என்பது வேண்டிய பகுதி கிடைக்கவில்லை என்று காட்டும். ‘நோ சச் மெதட்’ என்பது, எதிர்பார்த்த பதிப்புக்குப் பதிலாக வேறு பதிப்பு நூலகம் புகுந்திருப்பதைக் காட்டும். பதிப்பு மாற்றங்களை ஒட்டி இவை மிகுதியாகத் தோன்றும். 2018-இல் வெளிவந்த ஜாவா 11, சோப் சேவைகளுக்கு உதவிய சில பகுதிகளைத் தன்னிடமிருந்து நீக்கிவிட்டது. 2020-இல் வெளிவந்த ஜகார்த்தா இ.இ. 9, ‘ஜாவாக்ஸ்’ எனத் தொடங்கிய பெயர்களை ‘ஜகார்த்தா’ என்று மாற்றியது. டாம்கேட் 10 இப்புதுப் பெயர்களையே ஏற்கிறது. ஆகவே டாம்கேட் 9-இல் நன்கு நடந்த பழைய நிரல், மாற்றமின்றி 10-இல் வைக்கப்பட்டால் இயங்காமற் போகலாம்.

சோப் என்னும் முறையில் அனுப்பப்படும் எக்ஸ்.எம்.எல். செய்திகளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. 2000-இல் வெளியிடப்பட்ட சோப் 1.1 விதிப்படி, பிழை அனுப்பியவருடையதாயினும் பதில் எண் 500 ஆகவே வரும். உள்ளிருக்கும் ‘ஃபால்ட்’ பகுதியில் ‘கிளையண்ட்’ என்றிருந்தால் அனுப்பிய செய்தியையும், ‘சர்வர்’ என்றிருந்தால் சர்வரையும் ஆராய வேண்டும். சோப் 1.1, 1.2 ஆகியவை உள்ளடக்க வகையை வெவ்வேறு பெயரால் குறிப்பதால், ஒன்றை எதிர்பார்க்கும் சேவைக்கு மற்றொன்றை அனுப்பினால் 415 என்ற மறுப்பு வரக்கூடும்.

பளுவினால் நேரும் தவறு

காலையில் மட்டும் தோன்றிப் பிறகு மறையும் பிழைகளுக்குக் காரணம் பெரும்பாலும் நெரிசலே. மழைமானி அளவு காலை 8.30 மணிக்குக் குறிக்கப்படுவதால், செய்திகள் ஒரே வேளையில் குவிவது இயற்கை. டாம்கேட்டில் வேறுவிதமாகக் குறிக்காவிடில் 200 வேலை இழைகள் வரை இருக்கலாம். தரவுத்தளத் தொடர்புகளைக் காக்கும் ஹிகாரி என்ற நூலகமோ, அவ்வாறே விட்டால் 10 தொடர்புகளை மட்டும் வைத்து, காத்திருப்போருக்கு 30 விநாடி தவணை தருகிறது.

ஒவ்வொரு பதிவும் தரவுத்தளத்தில் 5 விநாடி எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். 200 செய்திகள் ஒருங்கே வந்தால் 5 விநாடிக்குப் பத்து வீதம், 30 விநாடிக்குள் ஏறக்குறைய 60 செய்திகளுக்கே தொடர்பு கிடைக்கும். எஞ்சிய 140-ம் பிழையாகத் திரும்பும். தொடர்புகளைக் கூட்டுவது தரவுத்தளத்தின் சுமையை ஏற்றுமேயன்றி நோயைத் தீர்க்காது. தகுந்த இன்டெக்ஸ் அமைத்து அதே வேலையை அரை விநாடியில் முடித்தால், அப்பத்துத் தொடர்புகளே 200 செய்திகளையும் 10 விநாடியில் முடித்துவிடும்.

எழுத்தும் நாளும்

ஆங்கிலத்தில் சோதித்தபோது நடந்த சேவை, தமிழில் செய்தி அனுப்பியதும் தவறுவதுண்டு. யு.டி.எஃப்.-8 என்னும் முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட் இடமும், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடமும் கொள்ளும். ‘மழை’ என்ற சொல் நமக்கு இரண்டெழுத்து. கணிப்பொறிக்கு அது ம, ழ, ஐகாரக் குறி என மூன்று குறிகள். பைட் கணக்கில் 9. செய்தியின் நீளத்தைப் பைட்டால் குறிக்காமல் குறிகளால் எண்ணி 3 என்று எழுதினால், சர்வர் ‘ம’ என்பதோடு படிப்பதை நிறுத்திவிடும். எக்ஸ்.எம்.எல். செய்தியில் இவ்வாறு நேர்ந்தால் அதன் வால் அறுந்து, செய்தி முடிவுறவில்லை என்ற பிழை எழும். 2022-இல் வந்த ஜாவா 18 முதல் யு.டி.எஃப்.-8 பொது முறையாக்கப்பட்டது. அதற்கு முந்திய பதிப்புகளில் எழுத்து முறையைக் குறிப்பிடாத நிரல், கணிப்பொறிக்குக் கணிப்பொறி வேறுபட்டு நடந்தது.

நாளிலும் இத்தகைய தவறு உண்டு. இந்திய நேரம் உலகப் பொது நேரத்திற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஜூலை 2 என்னும் நாளை நள்ளிரவு 0 மணியாக இந்திய நேரத்தில் கொண்டு பொது நேரத்திற்கு மாற்றினால் ஜூலை 1, மாலை 6.30 ஆகும். நாளை மட்டும் வெட்டி எடுக்கும் நிரல், மழையை முந்திய நாளின் கணக்கில் எழுதிவிடும். இதில் பிழைச் செய்தியே வராது. பதில் எண் 200 ஆகவே இருக்கும். ஆகவே பதிவான விவரத்தை இடையிடையே மூலக் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

மீண்டும் அனுப்புதல்

400 வரிசைப் பிழை வந்தால் அதே செய்தியை மாற்றாமல் திரும்பத் திரும்ப அனுப்புவதால் பெரும்பாலும் பயனில்லை. 429 இதற்கு ஒரு விலக்கு. அளவுக்கு மீறி அனுப்பியதால் பொறுத்திருக்குமாறு அது கூறுகிறது. 503 வந்தால் சற்றுக் காத்திருந்து அனுப்பலாம். 504 வந்தாலோ, பதில் வாராமல் தொடர்பு அறுந்தாலோ, முதலில் விவரம் பதிவாகியுள்ளதா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். நன்கு அமைக்கப்பட்ட சேவையில் ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் தரப்பட்டு, அதே எண் மறுமுறை வந்தால் புதிய பதிவு செய்யாமல் பழைய பதிலே தரப்படும்.

களப்பணியாளர் கருத்திற் கொள்ளவேண்டியன

நிர்வாகியிடம் முறையிடும்போது ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதுவது போதாது. பிழை நேர்ந்த நாள், மணி, நிமிடம். பதில் எண் அல்லது செய்தியின் முழு வாசகம். எந்தச் செயலைச் செய்தபோது நேர்ந்தது. பிற ஊழியருக்கும் நேர்ந்ததா. வேறு இணைப்பில் முயன்றபோதும் நேர்ந்ததா என்னும் ஐந்தையும் எழுதுதல் வேண்டும். கடவுச்சொல்லை எக்காரணத்தாலும் சேர்த்தனுப்பலாகாது. அளந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, சர்வரில் பதிவானதை உறுதி செய்யும்வரை அழிக்காமலிருத்தல் நன்று. அனுப்ப இயலாத நாளுக்குப் பூச்சியம் என்று நிரப்புதல் கூடாது. பூச்சியம் என்பது அளந்து கண்ட முடிவு. வெற்றிடம் என்பது அளவு வந்து சேராமை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் பின்னர் எந்தச் சர்வராலும் பிரித்துக் காட்ட இயலாது.

ஆசிரியர்கள் ‘மழை’ என்ற சொல்லின் பைட் கணக்கையும், நாள் மாறும் கணக்கையும் வகுப்பில் பயிற்சியாகச் செய்விக்கலாம். தோன்றிய குறியைக் கொண்டு காரணத்தை ஊகித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்து, முடிவைக் குறித்து வைக்கும் விஞ்ஞான முறையே சர்வர் பிழையைக் கண்டறிவதற்கும் உரிய முறையாகும்.